இளஞ்சிவப்புக் கல்லுக்குக் குறுக்கு விசாரணை

கொல்கத்தாவின் பௌபஜார் தெருவுக்கு அரசு ஆவணங்களில் இப்போது பிபின் பிஹாரி கங்கூலி வீதி என்று பெயர். ஊர் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நகை வாங்கப் போகிறவர்கள் இன்றும் பௌபஜாருக்குத்தான் போகிறார்கள். தங்கக் கடைகளுக்கு நடுவே கிரக ரத்தினம் விற்கும் கடைகளும் அங்கே உண்டு. சில கடைகளில் ஜோதிடரே உட்கார்ந்திருப்பார். ஜாதகத்தைப் பார்த்து அவர் கல்லைச் சொல்ல, கடைக்காரர் ரத்திக் கணக்கில் எடைபோட்டுத் தருவார். சூரியனுக்கு உரியது ‘சுனி’. நாம் மாணிக்கம் என்கிறோம், நம் ஆசாரிமார் கெம்பு என்பார்கள். நல்ல சிவப்பில் மாணிக்கம் வாங்கக் கட்டுப்படியாகாதவர் முன்னால் இளஞ்சிவப்பில் ஒரு கல் எடுத்து வைக்கப்படும். அந்தக் கல் உண்மையில் என்ன?

பதில் ஒன்றல்ல. ஒளி ஊடுருவும் இளஞ்சிவப்புக் கல் என்றால் அது குருந்தமாக இருக்கலாம்; மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தத்தின் வகைகளே. ஸ்பினெல், டூர்மலின், பெரில், குன்சைட், புஷ்பராகக் குடும்பத்து டோபாஸ், கார்னெட், ஃப்ளோரைட், ரோஸ் குவார்ட்ஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். இவை போதாதென்று கண்ணாடியும், நகைக்கடைகளில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படும் க்யூபிக் ஸிர்கோனியாவும் இதே நிறத்தில் கிடைக்கின்றன. விலையில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கண்ணால் மட்டும் பார்த்து இது இன்னதுதான் என்று அடித்துச் சொல்கிறவர் ஒன்று பெரிய அனுபவசாலி, இல்லையென்றால் விற்கிறவர்.

நிறம் ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பதற்கு வேதியியலில் தெளிவான பதில் இருக்கிறது. சுத்தமான குருந்தம் அலுமினியமும் ஆக்ஸிஜனும் மட்டும் சேர்ந்தது. அதற்கு நிறமே கிடையாது. அலுமினிய அணுக்கள் இருக்க வேண்டிய இடங்களில் மிகச் சில குரோமிய அணுக்கள் வந்து அமர்ந்தால் இளஞ்சிவப்பு வருகிறது, இன்னும் கொஞ்சம் கூடினால் சிவப்பு. இளஞ்சிவப்பு நீலக்கல் எங்கே முடிகிறது, மாணிக்கம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு இயற்கை கோடு எதுவும் போடவில்லை. வியாபாரிகள் போட்ட கோடுதான் உண்டு, அதுவும் ஊருக்கு ஊர் நகரும். அதே குரோமியம் ஸ்பினெலுக்குள் புகுந்தாலும் இதே சிவப்புதான். பெரிலிலும் டூர்மலினிலும் குன்சைட்டிலும் இந்த வேலையைச் செய்வது மாங்கனீசு. ரோஸ் குவார்ட்ஸில் விஷயம் வேறு: கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாக வேறொரு கனிமம் அதற்குள் பரவியிருப்பதால்தான் அந்தப் பால் கலந்த ரோஜா நிறம். ஆக, நிறம் என்பது பெரும்பாலும் கல்லின் சொந்தக் குணமே அல்ல, உள்ளே புகுந்த அந்நியப் பொருளின் குணம்.

இதில் ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். பிரிட்டிஷ் அரச குடும்பத்திடம் ‘தைமூர் மாணிக்கம்’ என்று ஒன்று இருக்கிறது. 352.5 காரட். மொகலாயப் பேரரசர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1849இல் லாகூர் கஜானாவோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து, 1851இல் லண்டன் பெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டு, விக்டோரியா ராணியிடம் போய்ச் சேர்ந்தது. அது மாணிக்கம் அல்ல, ஸ்பினெல். பிரிட்டிஷ் அரச மகுடத்தில் பதித்திருக்கும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்பதும் ஸ்பினெல்தான். மொகலாய அரண்மனையில் இந்தக் குழப்பம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பதக்ஷான் மலைகளிலிருந்து வந்த ஸ்பினெலை அவர்கள் ‘லால்’ என்றும், மாணிக்கத்தை ‘யாகூத்’ என்றும் பிரித்தே வைத்திருந்தார்கள்; லாலை விரும்பியே வாங்கினார்கள்.

நம் பக்கத்திலும் ரத்தினப் பரீட்சை பழைய கலை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெரு வருகிறது. அங்கே மாணிக்கம் நான்கு வகையாகப் பிரித்துச் சொல்லப்படுகிறது. வடமொழி ரத்தின சாஸ்திரங்களில், வைரமும் குருவிந்தம் எனும் குருந்தமும் தவிர வேறெதுவும் மாணிக்கத்தைக் கீறாது என்ற குறிப்பு உண்டு. இது வெறும் நம்பிக்கை அல்ல, நல்ல அவதானிப்பு. கொல்கத்தாவில் இந்தப் பழைய அறிவைத் திரட்டி அச்சிட்டவர் பாதுரியாகாட்டா அரண்மனையின் சௌரிந்திர மோகன் தாகூர். அவரைச் சங்கீத ஆராய்ச்சியாளராகத்தான் உலகுக்குத் தெரியும். ஆனால் 1879இல் ‘மணிமாலா’ என்ற ரத்தின நூலின் முதல் பாகத்தையும் 1881இல் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டார். வடமொழி, வங்காளி, இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் ஒரே புத்தகம். அதே நகரத்தில், கொஞ்ச தூரத்தில், இன்னொரு கூட்டத்தார் சாஸ்திரத்தைத் தொடாமல் கற்களைத் தராசில் போட்டுக் கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர். 1851இல் தாமஸ் ஓல்ட்ஹாம் தலைமையில் கொல்கத்தாவில் தொடங்கிய துறை அது, தலைமையகம் இன்றும் அங்கேதான். அவர்கள் சேகரித்த கற்களில் கணிசமானவை சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் நிலவியல் கூடங்களுக்குப் போயின. 1887இல் எஃப். ஆர். மாலெட் இந்தியாவின் கனிமங்களை வரிசைப்படுத்தித் தனி நூல் எழுதினார். 1898இல் தாமஸ் ஹாலந்து குருந்தத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஹாலந்துக்குத் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பும் உண்டு. கொல்கத்தாவின் ஆரம்பகால ஆங்கிலேயரான ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை அவர் ஆராய்ந்தார். செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும் அந்தக் கல் சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறை. அந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று அவர் வைத்த பெயரைத்தான் இன்று உலகமெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

குருந்தத்தின் கதையும் நம் மண்ணில்தான் தொடங்குகிறது. கர்நாடகப் பிரதேசத்திலிருந்து, அதாவது இன்றைய தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து, மங்கலான குருந்தக் கற்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனுக்குப் போயின. நம் ஊரில் சாணை பிடிக்கப் பயன்பட்ட கல் அது. 1798இல் சார்ல்ஸ் கிரெவில் அதைப் பற்றி ராயல் சொஸைட்டியில் எழுதினார். 1802இல், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டன் வந்திருந்த புர்னோன் பிரபு, படிக வடிவத்தையும் கடினத்தையும் எடையையும் ஒப்பிட்டு, சாணைக்கல்லும் மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம் என்று காட்டினார். அரசர்கள் சண்டை போட்ட கல்லும் கத்தி தீட்டும் கல்லும் ஒன்றே என்று நிறத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

அந்தக் குருந்தத்தை இயற்கையான நிலையில் பார்க்க நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி நல்ல இடம். சந்திரயான்-2 திட்டத்துக்காக நிலவு மண்ணைப் போலச் செயற்கை மண் தயாரிக்க இஸ்ரோ பாறை எடுத்தது இந்தப் பகுதியில்தான். வெள்ளை நிற அனார்த்தசைட் பாறைக்குள் இளஞ்சிவப்பும் சிவப்புமாகக் குருந்தம் அங்கே பொதிந்து கிடக்கிறது. பெரும்பாலும் ஒளி புகாத, கலங்கிய கற்கள். மோதிரத்துக்கு ஆகாதவை என்றாலும் பாடம் படிக்க அருமையானவை.

பட்டை தீட்டாத கல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது வடிவம். குருந்தம் ஆறு பக்கம் கொண்ட படிகமாக வளரும். நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிப் பீப்பாய் வடிவில் இருக்கும், சில சமயம் தட்டையான ஆறுகோண வில்லையாக. ஸ்பினெல் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகியாக வளரும். டூர்மலின் நீண்ட பட்டகம். அதன் உடம்பு முழுக்க நீளவாக்கில் கோடு ஓடும். குறுக்கே வெட்டினால் பக்கங்கள் வளைந்த முக்கோணம் தெரியும். வேறு எந்த ரத்தினக் கல்லுக்கும் அப்படியொரு குறுக்குவெட்டு இல்லை. ரோஸ் குவார்ட்ஸ் பெரும்பாலும் வடிவமே இல்லாத கட்டியாகத்தான் கிடைக்கும். இலங்கையின் ரத்தினபுரிச் சரளைகளில் வரும் கற்களில் ஆற்று நீர் உருட்டித் தேய்த்து வடிவத்தை அழித்திருக்கும். அங்கே மற்றச் சோதனைகள்தான் கைகொடுக்கும்.

டூர்மலினுக்கு இன்னொரு விந்தையான குணம் உண்டு. சூடாக்கினால் அதன் ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறு முனையில் எதிர் மின்னூட்டமும் சேரும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து இந்தக் கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன டச்சுக்காரர்கள், சூடான கல் சாம்பலை இழுப்பதைக் கண்டு அதற்குச் ‘சாம்பல் இழுப்பான்’ என்றே பேர் வைத்தார்கள். கடை விளக்கின் வெப்பத்தில் காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் டூர்மலின் பக்கத்துக் கற்களைவிடச் சீக்கிரமாகத் தூசி படிந்துவிடும் என்பது வியாபாரிகள் அறிந்ததே.

அடுத்தது கடினத்தன்மை. 1812இல் ஃப்ரெட்ரிக் மோஸ் வகுத்த பத்துப் படி ஏணியைப் பள்ளியிலேயே படித்திருப்போம். எது எதைக் கீறுகிறது என்பதை மட்டும் வைத்துக் கட்டிய ஏணி அது. படிகளுக்கு இடையிலான உயரம் சமம் அல்ல. நம் இளஞ்சிவப்புக் கூட்டத்தில் குருந்தம் 9, ஸ்பினெலும் டோபாஸும் 8, பெரில் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே, டூர்மலினும் கார்னெட்டும் 7 முதல் ஏழரை, குவார்ட்ஸ் 7, குன்சைட் அதற்குச் சற்றுக் கீழே, ஃப்ளோரைட் 4. ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை. வயலில் எடுத்த கல் கண்ணாடியைக் கீறவில்லை என்றால் பாதிக் கனவு அங்கேயே முடிந்தது. ஆனால் கண்ணாடியைக் கீறிவிட்டால் மாணிக்கம் என்று துள்ளவும் கூடாது. தெருவோர வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லும்கூடக் கண்ணாடியைக் கீறும்.

பட்டை தீட்டிய கல்லில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. கீறல் விழுந்தால் கல் போனது. கடினமும் உறுதியும் வேறு வேறு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். குன்சைட்டுக்கு இரண்டு திசைகளிலும் டோபாஸுக்கு ஒரு திசையிலும் சுத்தமாகப் பிளக்கும் குணம் உண்டு. எட்டுப் படி கடினம் கொண்ட டோபாஸைச் சிமெண்டுத் தரையில் தவறவிட்டால் கத்தியால் வெட்டியது போல இரண்டாகலாம். குருந்தத்துக்கு உண்மையான பிளவுத் தளம் இல்லை. தினசரி மோதிரத்தில் அது தாக்குப்பிடிப்பதற்குக் கடினத்தோடு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு எல்லாச் சோதனைகளிலும் பிடித்தது எடைச் சோதனை. கல்லுக்குச் சேதமில்லை, செலவு அதிகமில்லை, பொய் சொல்லாது. ஒரு கல் தன் பருமனுக்குச் சமமான தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதே ஒப்படர்த்தி. பதினோராம் நூற்றாண்டில் கஜினியில் வாழ்ந்த அல்-பிரூனி, மூக்கு வைத்த ஒரு பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, கல்லைப் போட்டால் வழியும் தண்ணீரை எடைபோட்டு இதைக் கணக்கிட்டார். லாலும் யாகூத்தும் வெவ்வேறு என்பதற்கு எண்களில் ஆதாரம் அவரிடமே இருந்தது. ஐரோப்பாவில் ஸ்பினெல் தனிக் கனிமமாகப் பிரிக்கப்பட்டது 1783இல்தான்.

இன்று இதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் மின்னணுத் தராசு வேண்டும். முதலில் கல்லை உலர்ந்த நிலையில் எடைபோடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு சிறு டம்ளரில் தண்ணீர் வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நூலில் கல்லைக் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி வந்துவிடும்.

2.40 கிராம், அதாவது 12 காரட் கல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் தராசு 0.60 காட்டினால் விடை 4.0, குருந்தம். 0.67 காட்டினால் 3.6, ஸ்பினெல். 0.78 என்றால் டூர்மலின், 0.91 என்றால் குவார்ட்ஸ். 0.41 என்று ரொம்பக் குறைவாக வந்தால் கல் பருமனுக்குப் பொருந்தாத கனம். அது க்யூபிக் ஸிர்கோனியா. கல்லில் ஒட்டும் காற்றுக் குமிழி கணக்கைக் கெடுக்கும், ஆகவே தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுக்கொள்வது நல்லது. ஒரு காரட் கல்லுக்கு இந்த வீட்டுத் தராசு உதவாது: விலகும் தண்ணீரே 0.05 கிராம்தான், தராசின் பிழை முழு விடையையும் புரட்டிவிடும். மோதிரத்தில் பதித்த கல்லுக்கும் இது பயன்படாது.

ஆய்வகங்களில் குறுக்கு வழி ஒன்று இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மெத்திலீன் அயோடைடு என்ற திரவத்தின் ஒப்படர்த்தி 3.32. அதில் போட்டால் குருந்தம், கார்னெட், ஸ்பினெல், டோபாஸ் எல்லாம் மூழ்கும். குன்சைட், டூர்மலின், பெரில், குவார்ட்ஸ் மிதக்கும். ஒரே முக்கில் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். நச்சுத்தன்மை உள்ள திரவம் அது, வீட்டில் வைத்துக்கொள்ளும் சமாச்சாரம் அல்ல.

எடை தனியாகப் போதாது. குன்சைட்டுக்கும் ஃப்ளோரைட்டுக்கும் ஒப்படர்த்தி ஒன்றே, 3.18. ஆகவே அடுத்த சாட்சியாக ஒளியைக் கூப்பிட வேண்டும். கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உள்ளங்கை அளவுக் கருவி எண்ணாகவே காட்டிவிடும். கல்லின் தட்டையான முகத்தை அதன் கண்ணாடி மேல் ஒரு துளி திரவம் விட்டு வைத்தால் போதும். ஃப்ளோரைட் 1.434, குன்சைட் 1.660 முதல் 1.676. குழப்பம் தீர்ந்தது. ஸ்பினெல் 1.718. குருந்தம் 1.762 முதல் 1.770.

குருந்தத்துக்கு இரண்டு எண், ஸ்பினெலுக்கு ஒரே எண் என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்பினெல், கார்னெட், ஃப்ளோரைட், க்யூபிக் ஸிர்கோனியா ஆகிய நான்கின் படிகங்களும் எல்லாத் திசையிலும் சமச்சீரானவை. கண்ணாடிக்கு அணு ஒழுங்கே கிடையாது. இவற்றில் நுழையும் ஒளிக்கதிர் ஒன்றாகவே போகும். மற்றவற்றில் இரண்டாகப் பிரியும். இதுதான் இரட்டை விலகல். ஒடிசாவிலிருந்து வரும் ஊதா கலந்த இளஞ்சிவப்பு ரோடோலைட் கார்னெட்டின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.76. எண்ணை மட்டும் பார்ப்பவர் அதைக் குருந்தம் என்று எழுதிவிடுவார். ஒளி இரண்டாகப் பிரிகிறதா என்று பார்ப்பவர் தப்பித்துவிடுவார்.

இதற்கும் வீட்டு வழி உண்டு. மடிக்கணினியின் எல்.சி.டி. திரை முனைவாக்கப்பட்ட ஒளியைத் தருவது. வெள்ளைத் திரைக்கு முன்னால் போலராய்டு குளிர்க்கண்ணாடியின் ஒரு சில்லைப் பிடித்துச் சுழற்றினால் ஒரு கட்டத்தில் திரை கருத்துவிடும். அந்த நிலையில் திரைக்கும் சில்லுக்கும் நடுவே கல்லை வைத்து மெல்லத் திருப்புங்கள். இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வந்தால் இரட்டை விலகல் உள்ள கல். கருப்பாகவே இருந்தால் ஸ்பினெல், கார்னெட், கண்ணாடி போன்ற ஒன்று. ஒரே திசையில் பார்த்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. குருந்தத்துக்கும் கருப்பாகவே தெரியும் ஒரு திசை உண்டு. கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு குணத்தை ஒருவர் ஊன்றிக் கவனித்ததால் புதுக் கனிமமே கிடைத்தது. 1945இல் டப்ளின் நகரத்தில் ரிச்சர்ட் டாஃபி என்பவர் ஒரு நகை வியாபாரியிடம் பழைய கற்களை மொத்தமாக வாங்கினார். அதில் வெளிர் ஊதா கலந்த ஒரு சிறு கல், ஒன்றரைக் காரட்டுக்கும் குறைவு. எல்லா விதத்திலும் ஸ்பினெல். ஆனால் லென்ஸ் வழியாகப் பார்த்தபோது கல்லின் பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஸ்பினெலில் அது நடக்கக் கூடாது. லண்டன் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அதுவரை யாரும் அறியாத கனிமம் என்று முடிவானது. டாஃபியைட் என்று அவர் பெயரே நிலைத்தது. அந்தக் கல் இலங்கையிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. பட்டை தீட்டி விற்பனைக்கு வந்த கல்லிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் கனிமம் அதுதான். அதற்கு முன் எத்தனை பேர் ஸ்பினெல் என்றே இவ்வகைக் கல்லைப் போட்டுக்கொண்டு திரிந்தார்களோ!

புற ஊதா டார்ச் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. இருட்டறையில் அதை அடித்தால் குரோமியம் கொண்ட குருந்தமும் ஸ்பினெலும் கனன்று சிவக்கும். இரும்பு அதிகமுள்ள கல் மங்கிப்போகும். டூர்மலினும் கார்னெட்டும் பெரும்பாலும் சும்மா இருக்கும். இந்தச் சிவப்பு ஒளிக்கு வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அதன் இதயமாக இருந்தது செயற்கையாக வளர்த்த இளஞ்சிவப்பு மாணிக்கத் தண்டு ஒன்று. சிவப்பு மாணிக்கம் அல்ல. குரோமியம் குறைந்த, இளஞ்சிவப்புக் கல்.

அந்த லேசர் வந்த பிறகுதான் முப்பது ஆண்டுக்கு முந்திய வேறொரு கண்டுபிடிப்பு நகைக்கடை வரை வந்து சேர முடிந்தது. அது பிறந்த முகவரி, 210, பௌபஜார் தெரு. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அப்போது அங்கே இயங்கியது. 1907இல் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த திருச்சிக்காரர் சி. வி. ராமன், அலுவலகம் முடிந்த நேரங்களில் அந்தக் கழகத்தில் ஆய்வு செய்யத் தொடங்கினார். 1928 பிப்ரவரி 28 அன்று, கே. எஸ். கிருஷ்ணனோடு செய்துவந்த சோதனைகளின் முடிவாக, ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருவதைக் கண்டார். எந்த அளவுக்கு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் அணுக்கள் எப்படிக் கட்டப்பட்டு எப்படி அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு கனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள். வைரத்துக்கு 1332, குவார்ட்ஸுக்கு 464, குருந்தத்துக்கு 418 என்ற எண்களின் அருகே வலுவான கோடு விழும். நிறம் எதுவானாலும் அந்த எண் அசையாது.

சிக்கல் என்னவென்றால், இப்படி நிறம் மாறும் ஒளி கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குத்தான் இருக்கும். அன்று பாதரச விளக்கின் வெளிச்சத்தில் ஒரு படம் பதிவாக மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே நிறத்தில் கூர்மையாக ஒளி வீசும் லேசர் வந்ததும் காத்திருப்பு நொடிகளாகச் சுருங்கியது. இப்போது ரத்தின ஆய்வகத்தில் கல்லை லேசரின் கீழே வைத்தால், அதன் கோடுகளைக் கணினி தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்லிவிடுகிறது. மோதிரத்தில் பதித்திருந்தாலும் பரவாயில்லை. கீற வேண்டாம், நனைக்க வேண்டாம். ராமனுக்கே ரத்தினங்கள் மேல் தீராத மோகம். பிற்காலத்தில் வைரங்களையும் மற்றக் கற்களையும் சேகரித்து ஆராய்ந்துகொண்டே இருந்தார். ஆனால் தன் விளைவு நகைக்கடை வரை போகும் என்று 1928இல் அவர் நினைத்திருக்க வழியில்லை.

இத்தனை சோதனைகளும் சேர்ந்தும் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று மீதம் இருக்கிறது. கல் குருந்தம்தான், ஆனால் பூமியில் விளைந்ததா, ஆலையில் விளைந்ததா? 1902இல் அகஸ்ட் வெர்நொய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அலுமினிய ஆக்ஸைடுப் பொடியை ஹைட்ரஜன் தீச்சுவாலை வழியாகத் தூவி உருக்கி, சொட்டுச் சொட்டாக மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அவர் கல்லின் கடினம் 9, ஒப்படர்த்தி 4, ஒளிவிலகல் எண் 1.762 முதல் 1.770, ராமன் கோடு 418. எல்லாம் அச்சு அசல், ஏனென்றால் அதுவும் அசல் குருந்தமே. பரதநாட்டிய நகைகளில் பளபளக்கும் கெம்புகளில் பலவும் இப்படி வந்தவை அல்லது கண்ணாடி.

இங்கே கை கொடுப்பது பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லென்ஸும் பழகிய கண்ணும். பூமிக்குள் வளர்ந்த கல்லில் அதன் பிறப்பு பதிந்திருக்கும்: அறுபது பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய ரூட்டைல் ஊசிகள், வேறு கனிமத் துணுக்குகள், கைரேகை வடிவில் திரவப் படலங்கள். இயற்கைப் படிகத்தின் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணத்தில் மடங்கி ஓடும். சுவாலையில் வளர்ந்த கல்லில் அவை வளைந்த கோடுகளாக இருக்கும், உருண்டையான வாயுக் குமிழிகளும் தென்படலாம். ஒரு களங்கமும் இல்லாத பெரிய மாணிக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்றால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

இந்த நூற்றாண்டில் இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. வெடிப்பு மண்டிய, ஒன்றுக்கும் உதவாத குருந்தத்தை எடுத்து, வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி, தெளிவான கல்லாக விற்கிறார்கள். ரிஃப்ராக்டோமீட்டர் குருந்தம் என்றே சொல்லும், ராமன் கருவியும் குருந்தம் என்றே சொல்லும். இரண்டும் பொய் சொல்லவில்லை. லென்ஸில் பார்த்தால் வெடிப்புத் தளங்களில் நீலமாகவோ ஆரஞ்சாகவோ மின்னல் ஓடும், தட்டையான குமிழிகள் தெரியும். இந்தக் கல்லுக்கு எலுமிச்சைச் சாறே எதிரி. அமிலம் கண்ணாடியை அரிக்கும். நகையைப் பற்றவைக்கும் ஆசாரியின் சுவாலையும் அமிலத் தொட்டியும் ஒரே நாளில் அதன் சாயத்தை வெளுத்துவிடும். பாவம், பழி ஆசாரி மேல் விழும்.

ஆகவே பௌபஜாரிலோ, சென்னைத் தியாகராய நகரிலோ, கொழும்பிலோ இளஞ்சிவப்புக் கல் வாங்குகிறவர்கள் பெயரைக் கேட்பதோடு நிற்க வேண்டாம். கடைக்காரர் எழுதித் தரும் சீட்டு சான்றிதழ் ஆகாது. கடைக்குச் சம்பந்தமில்லாத ரத்தின ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும். அதில் கனிமத்தின் பெயர், எடை, ஒப்படர்த்தி, ஒளிவிலகல் எண் இருக்கின்றனவா என்று பாருங்கள். இயற்கையா செயற்கையா என்ற வரியையும், சூடாக்கியதா, கண்ணாடி நிரப்பியதா என்று சொல்லும் ‘பதப்படுத்தல்’ என்ற வரியையும் கட்டாயம் படியுங்கள். அந்தக் கடைசி வரி காலியாக இருந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் அதை நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள்.